திருவொற்றியூர் புல்தரைக்கு எந்தக் குழாய்?

15க்கு 15 அடி புல்தரை, உப்பு போர் தண்ணீர், மொட்டைமாடி டேங்க். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போடுவதா பிவிசியா என்று கேட்டிருந்தீர்கள். ஜிஐ வேண்டவே வேண்டாம். கடல்காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து மரையிலிருந்தே துரு ஏற்றும், அந்தத் துருவே தண்ணீர் பீய்ச்சும் நாசிலை அடைக்கும்.

மண்ணுக்குள் போவது 25 எம்எம் பிவிசி, ஓரடி ஆழம். வெயிலில் பிவிசி நொறுங்கும். அதனால் வெளியே தெரியும் இடத்தில் மட்டும் கறுப்பு எச்டிபிஈ (வெயில் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்). பசை ஒட்டி 24 மணி நேரம் கழித்தே தண்ணீர் விடுங்கள். ஹெட் (தண்ணீர் தெளிக்கும் முனை) மாட்டும் முன் குழாயைத் திறந்துவிட்டு மண்ணைக் கழுவித் தள்ளுங்கள். பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

உங்கள் உண்மையான சிக்கல் குழாய் இல்லை, அழுத்தம். மூலைக்கு ஒன்றாக நான்கு கால்வட்ட பாப்-அப் ஹெட்டுக்கு (தண்ணீர் வரும்போது மேலெழுந்து கால்வட்டமாகத் தெளிப்பவை) நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர், 2 பார் அழுத்தம் தேவை. 10 மீட்டர் உயரம் 1 பார்தான் தரும். மாடி டேங்க் போதாது. சின்ன பூஸ்டர் பம்ப், அதன் பின்னால் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணி) ஃபில்டர் போடுங்கள். உப்புத் தண்ணீரை விடியற்காலையில் மட்டும் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் புல்நுனி கருகும்.