டப்பில காய்ஞ்ச கிரவுட்டும் ஒரு பழைய சாரமும்

கேள்வி: டைல்ஸ் வேலை முடிஞ்ச பிறகு பாத் டப்பில காய்ஞ்சு ஒட்டிக்கிடக்கிற கிரவுட்டை (டைல்ஸ் இடுக்கில அடைக்கிற சீமெந்துக் கலவை) கீறல் விழாமல் எப்பிடி எடுக்கிறது?

எங்கட வட்டக்கச்சி வீட்டில டப் வைச்சது என்ர விருப்பம் இல்லை. ரொறொன்ரோவில இருக்கிற அக்கா காசு அனுப்பிப் பழைய வீட்டோட ஒரு பாத்ரூம் இறக்கேக்க, "பிள்ளையள் வந்தால் குளிக்க டப் வேணும்" எண்டு ஒற்றைக்காலில நிண்டா. கிணத்தடியில அள்ளிக் குளிச்சு வளந்த சனம் நாங்கள். அம்மா அதைப் பாத்துப்போட்டு "சவப்பெட்டி மாதிரிக் கிடக்கு" எண்டவ. எண்டாலும் வாங்கியாச்சு. மாபிள் பதிக்க வந்த மேசன் (எங்கட பக்கம் டைல்ஸுக்கும் மாபிள் எண்டுதான் பேர்) டப்புக்கு மேல சீமெந்துப் பையை விரிச்சவர், ஆனால் ஓரத்தில ஒட்டேல்லை. சனிக்கிழமை பின்னேரம் கிரவுட் இழுத்துப்போட்டு, "திங்கள் வந்து கழுவி விடுறன்" எண்டு போனவர் வியாழன்தான் வந்தார். ஊரில ஒரு செத்தவீடு, அவரைக் குறை சொல்லேலாது.

வியாழன் காலமை பாத்தால் டப் முழுக்கச் சாம்பல் நிறத்தில ஒரு படலம், அடியில ஐஞ்சாறு கட்டி. மேசனோட வந்த பெடியன் சாந்தகப்பையால ஒரு கட்டியைத் தட்டினான். கட்டி போகேல்லை, டப்பில விரல் நீளத்துக்கு ஒரு கீறல். பிறகு, "அண்ணை, ஹாட்வெயாரில அசிட் விக்குது, ஒரு போத்தல் ஊத்தினால் சரி" எண்டான்.

அந்த அசிட்டைப் பற்றித்தான் நான் முதல்ல சொல்லவேணும். கடையில விக்கிறது அனேகமாக ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சீமெந்தைக் கரைக்கும், உண்மை. டப்பின்ர வாயில இருக்கிற குரோம் வளையத்தையும், பைப்பையும், புதுசாப் பதிச்ச மாபிள் இடுக்கில இருக்கிற நல்ல கிரவுட்டையும் சேத்துக் கரைக்கும். சின்ன யன்னல் வைச்ச பாத்ரூமில அந்தப் புகை நெஞ்சுக்குள்ள போனால் இருமல் நிக்காது. எங்கட பக்கத்தில இன்னொரு ஆபத்தும் இருக்கு: வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குப் போடுற குளோரின் பவுடர் கன வீட்டில மூலையில கிடக்கும். அசிட்டும் அதுவும் சேந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆனையிறவு உப்பில கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த பரந்தன் பக்ரறிக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு அந்த மணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

சரி, நான் செய்தது. முதல்ல டப் என்ன சாமான் எண்டு பாக்கவேணும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைச்சுப் பாத்தன், ஒட்டேல்லை. தட்டினால் பொத்தெண்டு சத்தம். அது அக்ரிலிக், ஒரு வகைப் பிளாஸ்ரிக். காந்தம் ஒட்டினால் இரும்புக்கு மேல எனாமல் பூசினது. அக்ரிலிக்குக்குத் தின்னர், அசிட்டோன் (நகப்பூச்சு அழிக்கிற தண்ணி) ரெண்டும் கிட்டவும் போகக்கூடாது, மேற்பரப்பே இளகிப் போகும். எனாமலுக்குப் புளிப்பு ஆகாது, பளபளப்புப் போகும்.

பிறகு ஒரு பழைய சாரத்தை (இடுப்பில கட்டுற லுங்கி) வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, படலத்துக்கு மேல விரிச்சு ஒரு மணித்தியாலம் விட்டன். இதில ஒரு சங்கதி இருக்கு. சீமெந்து காய்ஞ்சு இறுகிறதில்லை, தண்ணியோட சேந்துதான் இறுகிறது. எங்கட வெயிலில மெல்லிய படலத்தில இருக்கிற தண்ணி இறுக முதலே ஆவியாப் போயிடும். அதால அது பாக்கத்தான் கல்லு, தொட்டால் மாப்போல. சாரத்தை எடுத்துப்போட்டு மெத்தென்ற ஸ்பொஞ்சால துடைச்சன், முக்கால்வாசி அப்பவே வந்திட்டுது. ஸ்பொஞ்சை ரெண்டு வாளித் தண்ணியில மாறி மாறி அலசவேணும். கீறுறது அனேகமா உங்கட கை இல்லை, ஸ்பொஞ்சில ஒட்டின மணல்தான்.

கட்டியள் அப்பிடி இல்லை. அதுக்குள்ள தண்ணி நிண்டு, நல்லா இறுகியிருக்கும். ஈரத்துணியை அதுக்கு மேல வைச்சு ராத்திரி முழுக்க விட்டன். காலமை மூங்கில் சீவலையும் பழைய வங்கிக் காட்டையும் படுக்கையா வைச்சு ஓரத்தில இருந்து மெல்ல நெம்ப, நாலு கட்டி வில்லையாக் கழண்டு வந்திச்சு. முதிரை மரச் சீவலால முயற்சி பண்ணாதேங்கோ, முதிரைக்கு டப் தோத்துப்போகும். மிச்ச ஒண்டுக்கு வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து, துணியில நனைச்சு அதில மட்டும் வைச்சன். காமணித்தியாலம், கழுவல், திரும்ப. மூண்டு தரம். தேசிக்காய்ப் பாதியால தேய்ச்சாலும் வேலை செய்யும், ஆனால் அந்த விலைக்கு ஊறுகாய் போடலாம். எதெண்டாலும் முதல்ல கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு சொட்டு வைச்சுப் பாருங்கோ, புது இடுக்கில படவும் விடாதேங்கோ.

கழுவின பிறகும் வெள்ளைத் திட்டுக் கிடந்தால் அது கிரவுட்டா இருக்காது, எங்கட கிணத்துத் தண்ணி கேத்தலில விடுற அதே படிவு. அதுவும் வினாகிரிக்குப் போகும். ஆனால் உங்கட மேசன் எப்பொக்சி கிரவுட் பாவிச்சிருந்தால் இந்தக் கதை ஒண்டும் சரிவராது. அது சீமெந்தில்லை, பிசின், புளிப்புக்கு அசையாது. தலைமயிர் காயவைக்கிற மெசினால இளஞ்சூடாக்கி, இளகினவுடன பிளாஸ்ரிக்கால வழிக்கவேணும்.

ஒண்டை மறக்காதேங்கோ: கரைச்ச கிரவுட்டை டப் ஓட்டையால விடாதேங்கோ. ஓட்டைக்குள்ள துணி அடைச்சுப்போட்டு, வழிச்சதை வாளியில அள்ளி வெளிய கொட்டுங்கோ. பைப்பின்ர வளைவில தங்கி இறுகினால், பிறகு உடைச்சுத்தான் எடுக்கவேணும்.

பெடியன் போட்ட கீறலுக்கு 1000, 1500, 2000 நம்பர் எண்டு தண்ணிப் பேப்பரை (நனைச்சுத் தேய்க்கிற மண்கடதாசி) ஒழுங்காப் போட்டு, கடைசியா வாகனத்துக்குப் போடுற கொம்பவுண்டால மினுக்கினன். சாய்ச்சுப் பாத்தால் இப்பவும் தெரியும்.

டப்பும் சுவரும் சேருற மூலையில மேசன் கிரவுட் அடிச்சிருந்தவர். 150 லீட்டர் தண்ணி விட்டால் 150 கிலோ, டப் கொஞ்சம் பதியும், கிரவுட் வெடிக்கும். அதைச் சுரண்டி எடுத்துப்போட்டு, டப்பில தண்ணியை நிரப்பி வைச்சுக்கொண்டு சிலிக்கன் (றப்பர் மாதிரி இழுபடுற பசை) இழுத்தன்.

அக்கா இன்னும் வரேல்லை. சிறுபோகத்துக்கு அம்மா அதுக்குள்ளதான் விதைநெல் ஊறப்போட்டவ. அளவான தொட்டியாம்.