99இல் நிற்கும் பட்டை: நீண்ட வேலைகளின் புரோகிரஸ் காட்டுவது பற்றி வாசகர் கேள்வி-பதில்

கிளிநொச்சி வாசகர்: கூட்டுறவுச் சங்கமொன்றுக்கு நெல் கொள்வனவு அறிக்கை செய்து கொடுத்தேன். காலபோக முடிவில் அறிக்கைப் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் 504 (பதில் நேரத்துக்கு வரவில்லை என்ற பிழை) வருகிறது. கணக்கு முடிய நாலைந்து நிமிடம் எடுக்கும்.

உங்கள் செயலிக்கு முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் இருக்கிறது, இல்லையா? பின்னாலிருந்து 60 செக்கனுக்கு ஒன்றும் வராவிட்டால் அது கைவிட்டுவிடும். அதை 600 ஆக்கட்டுமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். நீண்ட வேலையை ரிக்வெஸ்ட்டுக்குள், அதாவது பக்கம் பதிலுக்குக் காத்து நிற்கும் அழைப்புக்குள், வைக்காதீர்கள். எத்தனை தரம் சொல்வது? வேலையைக் கியூவில் (பின்னணி வேலை வரிசையில்) போட்டு, உடனே 202 (‘ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடியவில்லை’) உடன் ஒரு வேலை எண்ணைக் கொடுங்கள். அந்த எண்ணை வைத்துப் பக்கம் இரண்டு மூன்று செக்கனுக்கு ஒருக்கால் நிலையைக் கேட்கட்டும்.

வவுனியா மாணவி: பிஎச்பியில் எழுதினேன். நிலை கேட்கும் ரிக்வெஸ்ட் வேலை முடியும் வரை தொங்கி நின்று, கடைசியில் 100 என்று மட்டும் சொல்கிறது.

செஷன் பூட்டு. பாவனையாளரைப் பற்றிய தகவலைப் பிஎச்பி வைத்திருக்கும் செஷன் கோப்பை ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்தான் பிடிக்கலாம். முதல் ரிக்வெஸ்ட் செஷன் கோப்பைப் பிடித்து வைத்திருக்க, இரண்டாவது வாசலில் நிற்கிறது. வேலை தொடங்குமுன் செஷனை எழுதி மூடிவிடுங்கள். அதோடு, நீண்ட வேலை ஏன் ரிக்வெஸ்ட்டுக்குள் இருக்கிறது?

மாங்குளம் வாசகர்: புரோகிரஸ் வேலை செய்யுதில்லை. திருத்தித் தரவும்.

எந்த மொழி, எந்தச் சேர்வர், லொக்கில் (பதிவுக் கோப்பில்) என்ன? ஒன்றும் இல்லை. சாத்திரம் பார்ப்பவரிடம் போங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: நிலையைப் பக்கத்துக்கு அனுப்ப வெப்சாக்கெட்டா (இருபக்கத் தொடர்பு), எஸ்எஸ்ஈயா (சேர்வரிலிருந்து மட்டும் வரும் தொடர்பு)?

தகவல் சேர்வரிலிருந்து ஒரு பக்கமாக மட்டும் வருகிறது, வெப்சாக்கெட் தேவையில்லை. எஸ்எஸ்ஈ போதும், எஞ்சின்எக்ஸின் பஃபரிங்கை (பதிலைச் சேர்த்து வைத்து அனுப்புவதை) நிறுத்த மறக்காதீர்கள். உங்கள் பாவனையாளர் இருபது பேர் என்றால் அதுவும் வேண்டாம், கேட்டுக் கேட்டு வாங்கலாம்.

புதுக்குடியிருப்பு வாசகர்: எவ்வளவு முடிந்தது என்று கணக்கிடக் கஷ்டம். ரைமர் வைத்துப் பட்டையை 99 வரை ஓட்டிவிட்டு, முடிந்ததும் 100 ஆக்கலாமா? வாடிக்கையாளருக்கு ஏதாவது அசைந்தால் போதும்.

கூடாது. இந்தப் பொய்ப் பட்டையைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். இரணைமடுப் பக்கம் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். சிறுபோக நீர் திறப்பு அறிவித்தலைக் கமக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் செயலி. அதில் இதே வித்தை. பொறுப்பான பிள்ளை 99ஐப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பக்கத்தை மீள ஏற்றி, திரும்ப அழுத்தினாள். உள்ளே வேலை உயிரோடுதான் இருந்தது, எஸ்எம்எஸ்களை வெளியே அனுப்பும் கேற்வே மெதுவாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஆளுக்கு இரண்டு எஸ்எம்எஸ். திகதி மாறிவிட்டதோ என்று பின்னேரம் வரை தொலைபேசி அடித்தது. குற்றம் அவள்மீதா? 99 என்றால் முடியப்போகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

உண்மையைக் காட்டுங்கள். மொத்தம் தெரிந்தால் ‘2,000இல் 740 அனுப்பியாயிற்று’. தெரியாவிட்டால் சதவீதமே வேண்டாம். இப்போது நடக்கும் படியின் பெயரும், கடைசியாக அசைந்த நேரமும் போதும். வேர்க்கர் (கியூவிலிருந்து வேலையை எடுத்துச் செய்யும் நிரல்) பத்துச் செக்கனுக்கு ஒருக்கால் அந்த நேரத்தைப் புதுப்பிக்கட்டும். ஒரு நிமிடம் அசையாவிட்டால் ‘தடைப்பட்டிருக்கலாம்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். இன்னொன்று: அறிவித்தல் எண்ணுக்கு டேட்டாபேஸில் யுனீக் கீ (ஒரே எண் இரண்டு தரம் பதியாத கட்டுப்பாடு) வையுங்கள். இரண்டாம் தரம் அழுத்தினால் புது வேலை தொடங்காமல் பழைய வேலை எண்ணே திரும்பி வரவேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் ஆட்கள் இரண்டு தரம் அழுத்தத்தான் செய்வார்கள்.

மல்லாவி வாசகர்: வேர்க்கர் ஒவ்வொரு வரிக்கும் நிலையை எழுதுகிறது, பக்கத்தில் கடைசிவரை பூச்சியம்.

முழு வேலையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாகவே பதியும் டேட்டாபேஸ் மாற்றத் தொகுதிக்குள்) இருக்கிறது. அது கொமிட் ஆகும் (பதிந்து முடியும்) வரை வெளியில் தெரியாது. நிலையை வேறு கனெக்ஷனில் எழுதுங்கள், அல்லது ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக் களஞ்சியத்தில் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எழுதவும் வேண்டாம். நூறுக்கு ஒருக்கால் தாராளம்.

ஒட்டுசுட்டான் வாசகி: இடையில் டாபை மூடினால்?

கியூவில் இருந்தால் வேலை ஓடும். வேலை எண்ணை யூஆர்எல்லில் வையுங்கள், திரும்பத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். ரிக்வெஸ்ட்டுக்குள் வைத்திருந்தால், மேலே கிளிநொச்சிக்காரருக்குச் சொன்னதை வாசியுங்கள்.