ஆர்.எஸ்.எஸ்.ஐ. (ரிசீவருக்கு வந்து சேரும் சிக்னலின் வலிமை) வைத்து ட்ரோன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எது சிறந்தது, பி.எஸ்.ஓ.வா, கிரே உல்ஃபா?

இரண்டுமே பறவைக் கூட்டம், ஓநாய்க் கூட்டம் போலப் பல புள்ளிகளில் ஒரே நேரத்தில் தேடி நல்ல விடையைப் பிடிக்கும் அல்காரிதங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புதிதாக ஏதாவது அல்காரிதம் போடச் சொல்லி கைடு நெருக்கியிருப்பார். அதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள், முதலில் சிக்னலைக் கவனியுங்கள்.

சிக்னல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் குறையும். அப்படியென்றால் அளவீடு 6 டெசிபல் பிசகினாலே தூரக் கணக்கு இரண்டு மடங்காகவோ பாதியாகவோ போய்விடும். ட்ரோன் சாய்ந்தாலோ அதன் உடல் ஆன்டெனாவை மறைத்தாலோ அந்தப் பிசகு எளிதில் வந்துவிடும்.

என் முதுநிலை ஆய்வும் இதுதான். தரையில் ரிசீவர்கள், மேலே ட்ரோன். அல்காரிதத்தைத் தொடுவதற்கு முன் ட்ரோனை ஒரே இடத்தில் நிறுத்தி மெல்லச் சுழலவிட்டுப் பதிவு எடுத்தேன். தூரம் மாறவே இல்லை, ஆனாலும் சிக்னல் ஏறி இறங்கியது. ரிசீவருக்கு நேர் மேலே வந்தபோதோ, அவ்வளவு அருகில் இருந்தும் சிக்னல் படுத்துவிட்டது. செங்குத்தாக நிற்கும் குச்சி ஆன்டெனா தன் நுனித் திசையில் அனேகமாக எதையும் அனுப்பாது. இதையெல்லாம் கணக்கில் சேர்த்ததும் சாதாரண பி.எஸ்.ஓ.வே நன்றாக வேலை செய்தது. உயரம் மட்டும் அடம்பிடித்தது. ரிசீவர்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் அப்படித்தான் ஆகும்; சிலவற்றைக் கம்பத்தில் ஏற்றிய பிறகு அதுவும் வழிக்கு வந்தது.

பேப்பர் அனுப்பினேன். பி.எஸ்.ஓ. 1995இல் கென்னடியும் எபர்ஹார்ட்டும் கொண்டுவந்தது, அதனால் புதுமை இல்லை என்று எழுதி ஒரு ரிவ்யூவர் நிராகரித்தார். சுழலவிட்டு எடுத்த அளவீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்றும் உறுத்துகிறது.

2014இல் வந்த கிரே உல்ஃப் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒரு புள்ளியில் தொடங்கிப் படிப்படியாக விடையைத் திருத்திக்கொண்டே போகும் கௌஸ்-நியூட்டன் போன்ற முறைகள் அந்தத் தொடக்கப்புள்ளி தவறினால் தப்பான இடத்தில் சிக்கிக்கொள்ளும், அங்கே இந்த வகை முறைகள் கைகொடுக்கும். ஆனால் இங்கே தேடுவது இடத்துக்கு மூன்று எண்கள், ட்ரோன் எவ்வளவு பவரில் சிக்னல் அனுப்புகிறது என்று தெரியாவிட்டால் இன்னொன்று, அவ்வளவுதான். இத்தனை சின்னத் தேடலில் இரண்டும் பெரும்பாலும் ஒரே புள்ளிக்குத்தான் போய்ச் சேரும். ட்ரோன் அங்கே இருக்கிறதா என்பது உங்கள் அளவீட்டைப் பொறுத்தது. சிமுலேஷனில் மட்டும் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அப்புறம், கோட் அனுப்புங்கள் என்று ஒற்றை வரியில் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். அளவீட்டுப் பதிவு வேண்டுமானால் சொல்லுங்கள், எந்த ரிசீவர் எந்த உயரத்தில் இருந்தது என்ற விவரத்தோடு தருகிறேன்.