வாசகர் கேள்வி: ஒரே கூண்டில் விட்டால் குட்டி போடாதா?

கேள்வி: காட்டில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்கிறார்கள். ஆனால் மிருகக்காட்சி சாலைகளில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகத்தானே வைக்கிறார்கள்? ஒரே கூண்டில் விட்டால் குட்டி போடாதா?
– வாசகி, செந்தூல்

பதில்: போடலாம். ஒன்றை ஒன்று கொன்றும் விடலாம். புலி தனியாக வாழும் பிராணி. 2019 பிப்ரவரியில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் அசிம், மெலாத்தி என்ற சுமத்ராப் புலிகளைப் பத்து நாள் அடுத்தடுத்த கூண்டுகளில் பழகவிட்டு, நல்ல அறிகுறிகளைப் பார்த்த பிறகுதான் சேர்த்தார்கள். முதல் சந்திப்பிலேயே ஆண் புலி அசிம் தாக்கி மெலாத்தி இறந்தது.

அதனால்தான் இந்த வேலையில் அவசரம் கூடாது. முதலில் இரண்டுக்கும் நடுவே பாதம் நுழையாத அளவுக்கு நெருக்கமான கம்பி வலை. அவ்வப்போது கூண்டை மாற்றிவிட்டால் ஒன்றின் வாடை மற்றதற்குப் பழகும். பெண்ணுக்குப் பருவம் 3 முதல் 9 வாரத்துக்கு ஒருமுறை வரும், சில நாள்தான் நீடிக்கும். வலையில் கன்னத்தைத் தேய்ப்பது, தரையில் புரள்வது, மூக்கால் ‘புர்ர்’ என்று காற்று விடுவது, இந்த மூன்றும் தொடர்ந்து தெரிந்தால் கதவைத் திறக்கலாம். அதற்கு முன் இரண்டுக்கும் வயிறார இறைச்சி போட வேண்டும். களத்தில் முட்டுச்சந்து போன்ற மூலை இருக்கக் கூடாது. துரத்தப்படும் பெண் வெளியேற இரண்டு கதவாவது வேண்டும். தண்ணீர்க் குழாயோடு ஆட்கள் தயாராக நிற்க வேண்டும்.

இணை சேர்வதே கருமுட்டை வெளிப்படத் தூண்டுகிறது. எனவே ஒரு முறை போதாது, சில நாள் பல தடவை சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிவில் பெண் சட்டென்று திரும்பி அறையும், ஆண் துள்ளி விலகும். அது சண்டை அல்ல. அதைப் பார்த்துப் பயந்து பிரித்துவிட்டால் அந்தப் பருவம் வீண். பருவம் அடங்கியதும் மறுபடி தனித்தனிக் கூண்டு. கர்ப்பம் ஏறத்தாழ 103 நாள். ஆனால் பருவம் நின்றதை மட்டும் நம்ப முடியாது, பொய்க் கர்ப்பமும் உண்டு. சாணத்தில் ஹார்மோன் அளவைத் தொடர்ந்து பார்ப்பதே நம்பகமான வழி.

கேள்வி: வெள்ளைப் புலிகளை வளர்த்தால் இனம் காப்பாற்றப்படுமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: இல்லை. வெள்ளைப் புலி தனி இனமே அல்ல. 1951இல் இந்தியாவின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் புலியை அதன் மகளோடே சேர்த்துத்தான் அந்த நிறத்தைப் பெருக்கினார்கள். மாறுகண் அந்த வெள்ளை நிற மரபணுவோடே வருவது. மற்றப் பல குறைகளுக்கு இப்படி நெருங்கிய உறவுக்குள் சேர்த்ததுதான் காரணம். இனம் காக்க நினைப்பவர்கள் வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்து, உறவு மிகக் குறைந்த ஜோடியையே தேர்ந்தெடுப்பார்கள்.

கேள்வி: தாய்ப் புலி தன் குட்டிகளையே கொன்றுவிடும் என்பது உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நடக்கிறது, குறிப்பாகத் தலைப்பிரசவத்தில். பெரும்பாலும் தொந்தரவுதான் காரணம். பயந்த தாய் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் தேடி அலையும், பல் அழுந்திக் குட்டி சாகும். ஆகவே பிரசவத்துக்கு முன்பே இருட்டான, உலர்ந்த இரண்டு அறைகளைத் தயார் செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் தாய் அடுத்த அறைக்கு மாறிக்கொள்ளும். ஆண் பக்கத்தில் இருக்கவே கூடாது. பழகிய ஒரே பராமரிப்பாளர் மட்டும் போக, மற்றதையெல்லாம் கேமராவில் பார்ப்பது நல்லது.

தாய் ஒதுக்கிவிட்டால் மட்டுமே புட்டிப்பால். குட்டியை மல்லாக்கப் பிடிக்காமல் குப்புறக் கிடத்தித்தான் ஊட்ட வேண்டும். இல்லையேல் பால் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரும். குட்டியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 150 முதல் 200 மில்லி, பல வேளையாகப் பிரித்து. ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்புறத்தைத் துடைத்துவிட்டால்தான் சிறுநீரும் மலமும் கழியும், தாய் நக்கிச் செய்வது அதைத்தான். இறைச்சி தொடங்கும்போது எலும்போடு கொடுங்கள். வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சதை மட்டுமே தின்று வளரும் குட்டிக்குக் கால் வளையும், ஓடும்போதே எலும்பு முறியும்.