கார்டில் வாங்கிய கையெழுத்துப் படம் கார்டு கடனை அடைக்குமா?

கேள்வி: வயது 46. 1930-50களின் ஹாலிவுட் நடிகர்கள் கையெழுத்திட்ட புகைப்படங்களைச் சேர்க்கிறேன். அமெரிக்க ஏலங்களில் கிரெடிட் கார்டில் வாங்குவேன். நிலுவை 2,40,000 ரூபாய். மாதம் 12,000 கட்டியும் குறைந்தபாடில்லை. என்னிடமுள்ள ஜீன் ஹார்லோ படத்தை விற்றால் கடன் தீரும் என்று நம்புகிறேன். இதற்கிடையில், மர்லின் மன்றோ படம் ஒன்றை ஆளுக்கு ஒன்றரை லட்சம் போட்டு வாங்கலாம், நல்ல முதலீடு என்கிறார் மைத்துனர். சேரலாமா?

பதில்: வேண்டாம். மைத்துனரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். போலிகள் மலிந்த கையெழுத்துகளில் மன்றோவுடையதும் ஒன்று. மைத்துனருக்குப் பணமுடை வந்தால் பாதிப் படத்தை மட்டும் விற்கவும் முடியாது.

உங்களைக் கெடுப்பது படங்கள் அல்ல, பாக்கியைச் சுமந்துகொண்டே மேலும் வாங்குவதுதான். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 8,400; அதற்கு ஜிஎஸ்டி சுமார் 1,500. நீங்கள் கட்டும் 12,000-இல் அசலுக்குப் போவது 2,100 ரூபாய்கூட இல்லை. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் படத்துக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இனி 'முதலீடு'. ஏலம் 300 டாலரில் முடிகிறது. ஏல நிறுவனத்தின் கட்டணம் 25 சதவீதம், அனுப்பும் செலவு 45 டாலர், மொத்தம் 420. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 37,800. கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தோடு 39,000-ஐத் தாண்டும். சுங்க வரி தனி. அதே 300-க்கு விற்றால், 20 சதவீதக் கமிஷன் போகக் கைக்கு வருவது 21,600. போட்ட பணம் திரும்பவே விலை 540 டாலரைத் தாண்ட வேண்டும், அதுவும் வட்டியைக் கணக்கில் சேர்க்காமல்.

ஹார்லோ படத்தை நம்பியும் இருக்காதீர்கள். ரசிகர்களுக்கு அனுப்பிய படங்களில் பெரும்பாலானவற்றில் அவர் பெயரை எழுதியது அவருடைய அம்மா. அசல் கையெழுத்தின் விலை அதற்குக் கிடைக்காது. வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள்: மை மேலே படிந்து தனியாக மினுங்கினால் பேனாவால் எழுதியது, படத்தின் பளபளப்பிலேயே கலந்திருந்தால் அச்சு. அறையை இருட்டாக்கி புறஊதா டார்ச் அடியுங்கள். ஹார்லோ இறந்தது 1937-இல். தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது 1950களுக்குப் பிந்தைய தாள். நடிகர் ஹம்ப்ரி போகார்ட் படத்தில் ஷார்ப்பி மார்க்கர் பேனாவால் போட்ட கையெழுத்து இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அவர் இறந்தது 1957, ஷார்ப்பி வந்தது 1964. விற்றவரே எழுதிக் கொடுத்த சான்றிதழ் வெறும் காகிதம்தான். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ போன்ற, கையெழுத்துகளைச் சோதிக்கும் நிறுவனங்களின் சான்று விற்க உதவும், ஆனால் அதுவும் கருத்துதான்.

கடனுக்கு வழி: ஆண்டுக்கு 14 சதவீதத்தில் தனிநபர் கடன் கிடைத்தால் 2,40,000-க்கு 24 மாத இஎம்ஐ சுமார் 11,500. நீங்கள் இப்போது கட்டுவதைவிடக் குறைவு. மொத்தம் 2,77,000-க்குள் முடியும். கார்டிலேயே தொடர்ந்தால், ஒரு படம்கூட வாங்காவிட்டாலும் 43 மாதம், ஐந்து லட்சத்துக்கு மேல். கடன் தொகை வந்த அன்றே கார்டு பாக்கியை முழுவதும் கட்டுங்கள். பிறகு வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். 24-ஆவது இஎம்ஐ போகும்வரை அது அப்படியே இருக்கட்டும்.