பொருத்தனையா, அம்மாவின் சிகிச்சையா?

கேள்வி: பாட்டி காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருட ஆரம்ப ஆராதனையில் சபையார் எல்லார் முன்னிலையிலும் ஒரு தொகையைக் கர்த்தருக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை, அதாவது நேர்ந்து வாக்கு, செய்வோம்; வருடம் முடிவதற்குள் செலுத்திவிடுவோம். இதுவரை யாரும் தவறியதில்லை. இந்த வருடம் நானும் அப்படியே ஆலயக் கட்டட நிதிக்கு ஒரு பெரிய தொகை சொன்னேன். அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. சிகிச்சைக்கும், வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பதற்கும் நான் சேர்த்து வைத்த பணம்தான் இருக்கிறது. சபையில் மூப்பராக இருக்கும் பெரியப்பா, “கர்த்தருக்கென்று சொன்னதைத் தொடாதே, அம்மாவைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்கிறார். கணவரோ, “இதெல்லாம் மனுஷர் உண்டாக்கின பாரம்பரியம், இனிமேல் காணிக்கையே கொடுக்காதே” என்கிறார். அம்மாவும், “என்னால் நீ பொருத்தனை தவறக்கூடாது” என்று அழுகிறார். நான் யாருக்குக் கீழ்ப்படிவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரிக்கு, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தை அம்மாவின் சிகிச்சைக்குச் செலவிடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். இயேசுவிடம் ஏறக்குறைய உங்கள் வழக்கே ஒருமுறை வந்திருக்கிறது. அவர் தீர்ப்பும் சொல்லியிருக்கிறார்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகரும் (வேத அறிஞர்கள்) பரிசேயரும் (பாரம்பரியத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினர்), உம்முடைய சீஷர் கை கழுவாமல் சாப்பிடுகிறார்களே என்று கேட்கிறார்கள். இயேசு பேச்சைக் கைகழுவுதலோடு நிறுத்தவில்லை. ஒருவன் தன் பெற்றோருக்குப் போய்ச் சேரவேண்டிய உதவியைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு தாய் தகப்பனுக்கு அவன் எதுவும் செய்யவிடாமல் தடுக்கிறீர்களே என்று திருப்பிக் கேட்கிறார். இப்படித்தான் உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டு.

உங்கள் பெரியப்பா வசனம் இல்லாமல் பேசவில்லை. பொருத்தனை பண்ணினவன் சொல் தவறக்கூடாது என்று எண்ணாகமம் 30 சொல்கிறது. செலுத்தத் தாமதிக்காதே என்று உபாகமம் 23உம் பிரசங்கி 5உம் சொல்கின்றன. சிக்கலே இங்கேதான். மனுஷருடைய பாரம்பரியம் என்றதும் வேதத்தில் அடியோடு இல்லாத ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மனிதரை இறுகப் பிடிக்கும் பாரம்பரியம் பெரும்பாலும் கையில் ஒரு வசனத்தோடுதான் வரும். அந்தக் கைகழுவுதலையே பாருங்கள். ஆரோனும் அவன் குமாரரும் ஆசரிப்புக்கூடாரத்தில் கைகால் கழுவவேண்டும் என்று யாத்திராகமம் 30இல் கட்டளை இருக்கிறது. ஆசாரியருக்குச் சொன்ன அது, எல்லார் வீட்டுச் சாப்பாட்டுக்கும் சட்டமாகிவிட்டது. கொர்பானுக்குப் பின்னாலும் நான் மேலே சொன்ன வசனங்கள் இருந்தன.

ஆகவே “இது வேதத்தில் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் உங்களுக்கு விடை கிடைக்காது. இந்த வழக்கத்தைக் காப்பாற்றப்போய், தேவன் நேரடியாகச் சொன்ன எதை என்னால் செய்யமுடியாமல் போகிறது என்று கேளுங்கள். தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. மாற்கு 7இல் இயேசு அந்தக் கனத்தை மரியாதைப் பேச்சாக வைத்துப் பேசவில்லை, பண உதவியாகவே வைத்துப் பேசுகிறார். தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8இல் பவுல் இன்னும் கடுமையாகவே எழுதுகிறார். “அம்மாவைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்றால், அவர் உங்கள் வழியாகத்தான் பார்த்துக்கொள்கிறார்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும், இந்தக் கொர்பான் பகுதியை வைத்து யூதர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத நூலான மிஷ்னாவில் பொருத்தனைகளைப் பற்றிய பகுதி இருக்கிறது. ஒருவன் செய்த பொருத்தனை அவனுடைய பெற்றோரையே பாதித்தால், அவர்களைக் கனம்பண்ணவேண்டும் என்ற காரணத்தைக் காட்டி அவனை விடுவிக்கலாம் என்று அதில் போதகர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தக் கேள்வி அவர்களையும் உறுத்தியிருக்கிறது.

சரி, பொருத்தனையை என்ன செய்வது? இங்கே மோசேயின் நியாயப்பிரமாணமே உங்களுக்குக் கைகொடுக்கிறது. லேவியராகமம் 27 பொருத்தனைகளுக்கான அதிகாரம். 20 வயதுமுதல் 60 வயதுவரை உள்ள ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30 சேக்கல் (சேக்கல் என்பது அக்கால எடை அளவு) என்று அதில் மதிப்புப் பட்டியல் இருக்கிறது. அதைத் தொடர்ந்து 8ஆம் வசனத்தைப் படியுங்கள். அந்த மதிப்பைச் செலுத்தமுடியாத தரித்திரன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்கவேண்டும். பொருத்தனை பண்ணினவனுடைய திராணிக்கேற்றபடி ஆசாரியன் மதிப்பிடவேண்டும். கவனித்தீர்களா? ஓடி ஒளியச் சொல்லவில்லை. வந்து நின்று நிலைமையைச் சொல்லச் சொல்கிறது, தொகையைக் குறைக்கவும் வழிவைக்கிறது. பெரியப்பாவிடம் நீங்கள் காட்டவேண்டிய வசனம் இதுதான். மாற்கு 7ஐக் காட்டினால் தன்னைப் பரிசேயன் என்கிறாள் என்று அவர் கோபப்படக்கூடும்.

அவர் வழியாகப் போகாமல் நேரே போதகரிடமே போங்கள். அம்மாவின் நிலை, மாதச் செலவு, கையில் இருப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். “இந்தத் தொகையை இப்போது என்னால் செலுத்தமுடியாது. குறைத்துக்கொள்ளவோ தள்ளிப்போடவோ விரும்புகிறேன்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், சண்டைத் தொனியும் வேண்டாம். அவர் மறுத்தால்? அப்போதும் என் பதில் மாறாது. “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் சொன்னது மதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால்தான். அதே சமயம், சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று இந்த வசனத்தை முழங்குவதற்கு நான் உங்களைத் தூண்டவில்லை. மறுப்பைக் கேட்டுக்கொண்டு, போய் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டுங்கள். போதும்.

உங்கள் கடிதத்தில் ‘எல்லார் முன்னிலையிலும்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பாதி பாரம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாற்கு 7க்கு முந்தின அதிகாரத்தில் ஏரோது வருகிறான். சிறையில் வைத்திருந்த யோவான்ஸ்நானனைக் கொல்ல அவனுக்கு மனமில்லை. ஆனாலும் ஆணையிட்டுவிட்டோமே, கூடப் பந்தியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று கொலை செய்வித்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்தான், யார் அவனைப் புகழ்கிறார்கள்? சபையார் என்ன சொல்வார்கள் என்ற பயத்துக்கும் கர்த்தருக்குப் பயப்படும் பயத்துக்கும் வித்தியாசம் பாருங்கள்.

இனி உங்கள் கணவர். அவர் முடிவு இந்தத் தடவைக்குச் சரி, காரணம் சரியில்லை. பாரம்பரியம் என்பதற்காகவே எதையும் தள்ளிவிடமுடியாது. ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது இயேசுவின் வழக்கமாகவே இருந்தது என்று லூக்கா 4 சொல்கிறது. எரேமியா 35இல் ரேகாபியர் என்ற ஒரு குடும்பத்தார் வருகிறார்கள். திராட்சரசம் குடிக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது என்று அவர்கள் முற்பிதா யோனதாப் சொன்னதை 200 ஆண்டுகளுக்கு மேல் கைக்கொண்டார்கள். மோசேயின் கட்டளைகளில் எல்லா இஸ்ரவேலருக்கும் அப்படி ஒரு விதி கிடையாது. ஆனாலும் தேவன் அவர்களைத் திட்டவில்லை, மற்ற யூதருக்கு முன்மாதிரியாகக் காட்டி ஆசீர்வதிக்கிறார். உங்கள் பாட்டி தொடங்கிய வழக்கமும் நல்ல வழக்கம்தான். கொடுக்க முடிந்த வருடங்களில் கொடுங்கள். ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12இல் இருக்கிறதே, அடுத்த முறை தொகை சொல்லும்போது அதை வைத்துக் கணக்கிடுங்கள். இன்னொன்றையும் அவரிடம் மெதுவாகக் கேளுங்கள்: மிச்சமாகும் பணம் உண்மையிலேயே அம்மாவுக்குத்தான் போகுமா? ‘அம்மாவுக்காக’ என்று சொல்லிக் காணிக்கையை நிறுத்திவிட்டு வேறு எதற்கோ செலவழித்தால், அதுவும் கொர்பான்தான், திசைதான் வேறு.

கடைசியாக அம்மா. கனம்பண்ணுவது என்றால் அவர் சொல்வதை எல்லாம் செய்வது என்று ஆகாது. வாழ்நாள் முழுக்க பொருத்தனை தவறாதவர், தன் படுக்கையால் மகள் தவறுகிறாள் என்று நினைக்கும்போது அழத்தான் செய்வார். அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். போதகரைப் பார்த்துவிட்டு வந்து, என்ன பேசினீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் போதகரையே வீட்டுக்கு வரச்சொல்லி, லேவியராகமம் 27:8ஐ அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் வாயால் பத்து முறை கேட்பதைவிட அவர் வாயால் ஒருமுறை கேட்டால் அம்மாவுக்கு நிம்மதி வரும். குறைத்த தொகையிலிருந்து இந்த மாதம் ஒரு சிறு பகுதி கொடுக்க முடியுமென்றால், அது எவ்வளவு என்பதை அம்மாவே சொல்லட்டும்.