ரீசனுக்கு ‘ஃபோர்’, கோஸுக்கு ‘ஒவ்’: பெயர்ச்சொல் கேட்கும் முன்னிடைச்சொல்

நிலாவெளியில் கடற்கரை விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் வாசகி கேட்டிருக்கிறார்: “வெளிநாட்டு விருந்தினருக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் ‘டு’ போடுவதா, ‘ஃபோர்’ போடுவதா, ‘ஒவ்’ போடுவதா என்ற இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. இன், ஒன், அட் பாடத்தைப் பலமுறை படித்தும் தீரவில்லை.” அறைகளுக்குக் கேள்வி (டிமாண்ட்) கூடியதால் பதில் எழுதத் தாமதமானது என்று சொல்ல அவர் எழுதிய வரி இது:

‘தி ரீசன் ஒவ் தி டிலே டு ரிப்ளை யுவர் மெயில் இஸ் தி இன்க்ரீஸ் ஒவ் டிமாண்ட் டு ரூம்ஸ்.’

இருக்க வேண்டியது: ‘தி ரீசன் ஃபோர் தி டிலே இன் ரிப்ளையிங் டு யுவர் மெயில் இஸ் தி இன்க்ரீஸ் இன் டிமாண்ட் ஃபோர் ரூம்ஸ்.’

ஒரே வரியில் ஐந்து இடங்கள். ஆனாலும் சொல்தெரிவில் பிழையே இல்லை, வாக்கிய ஒழுங்கும் சரி. இன், ஒன், அட் பாடம் இங்கே உதவாததற்குக் காரணம், அது இடத்தையும் நேரத்தையும் பற்றியது என்பதே. இந்த ஐந்து இடங்களிலும் முன்னிடைச்சொல்லை (டு, ஃபோர், ஒவ் போன்ற ப்ரெபொசிஷனை) தீர்மானிப்பது அதற்கு முன்னால் நிற்கும் சொல். ரீசன் ‘ஃபோர்’ கேட்கும். டிலே ‘இன்’ கேட்கும். அந்த ‘இன்’னுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ வடிவம் எடுக்கும். ரிப்ளை ‘டு’ கேட்கும். இன்க்ரீஸ், எது கூடியது என்று சொல்லும்போது ‘இன்’ கேட்கும். டிமாண்ட் ‘ஃபோர்’ கேட்கும்.

பிழை எங்கிருந்து வருகிறது? நம்முடைய ‘க்கு’விலிருந்து. தாமதத்துக்குக் காரணம், கேள்விக்குப் பதில், அறைக்கு விண்ணப்பம், யன்னலுக்குச் சேதம் என்று எல்லாவற்றையும் ஒரே உருபால் கட்டிவிடுகிறோம். ‘க்கு’ என்றால் ‘டு’ என்று பள்ளியில் பதிந்துவிட்டதால் கை தானாக ‘டு’வுக்குப் போகிறது. ஆன்ஸர் டு, டமேஜ் டு என்பவற்றில் அது பொருந்திவிடும். ரீசன் ஃபோர், அப்ளிகேஷன் ஃபோர், கோஸ் ஒவ் என்பவற்றில் கவிழ்த்துவிடும். கோஸும் ரீசனும் தமிழில் ஒரே ‘காரணம்’. ஆங்கிலத்தில் விபத்தின் காரணம் ‘கோஸ் ஒவ் தி அக்ஸிடென்ட்’. ‘கோஸ் ஃபோர்’ என்றால் ‘கவலைப்பட நியாயம் உண்டு’ என்பதில் வரும் நியாயம்.

இதில் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நாய்க்குப் பயம், மீனில் விருப்பம், தம்பியோடு கோபம், கோணேசர்மேல் பக்தி என்கிறோம். நாலு உணர்ச்சிக்கு நாலு உருபு. பயத்துக்கு ஏன் ‘க்கு’, கோபத்துக்கு ஏன் ‘ஓடு’ என்று யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. சோடியாகவே காதில் விழுந்தன, சோடியாகவே வாயில் வந்தன. ஆங்கிலத்தையும் அப்படியே பழக வேண்டும். கொப்பியில் ‘ரீசன்: காரணம்’ என்று எழுதாமல் ‘ரீசன் ஃபோர்’ என்று ஒரே சொல்போல எழுதி, பக்கத்தில் உங்கள் வேலையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

ஓரளவு குடும்பங்களும் உண்டு. வேண்டுதல், தேவை சார்ந்தவை பெரும்பாலும் ‘ஃபோர்’: ரிக்வெஸ்ட், நீட், டிமாண்ட், ஓடர். கூடுதல், குறைதல், மாறுதல் ‘இன்’. எவ்வளவு கூடியது என்ற தொகைக்கு மட்டும் ‘ஒவ்’: ‘அன் இன்க்ரீஸ் ஒவ் 2,000 ருபீஸ்’. தாக்கம், வரி, தடை ‘ஒன்’. இல்லாமை, தட்டுப்பாடு ‘ஒவ்’. குடும்பத்துக்கு அடங்காத பிள்ளைகளும் இருப்பதால் இதை மட்டும் நம்பி எழுத வேண்டாம்.

அதிகம் கவனிக்க வேண்டிய பொறி வேறு. பெயர்ச்சொல்லாக நிற்கும்போது முன்னிடைச்சொல் கேட்கும் அதே சொல், வினையாகும்போது பல இடங்களில் கேட்பதில்லை. ‘எ ரிக்வெஸ்ட் ஃபோர் அன் எக்ஸ்ட்ரா பெட்’ சரி. ‘தே ரிக்வெஸ்டெட் ஃபோர்’ பிழை, ‘தே ரிக்வெஸ்டெட் அன் எக்ஸ்ட்ரா பெட்’ போதும். ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட்’ பிழை. ‘டமேஜ் டு தி விண்டோ’, ஆனால் ‘தே டமேஜ்ட் தி விண்டோ’. ‘லாக் ஒவ் வாட்டர்’, ஆனால் ‘வீ லாக் வாட்டர்’. ஆன்ஸரும் இப்படித்தான். ஆனால் ரிப்ளை வினையாகவும் ‘டு’வை விடாது, உங்கள் வரியில் ‘ரிப்ளை யுவர் மெயில்’ பிழையானது அதனால்தான்.

விடுதி மேசையில் முன்னிடைச்சொல் மாறினால் பொருளே மாறும் சொற்களும் உண்டு. கடல் தெரியும் அறைக்கு ‘எ வியூ ஒவ் தி சீ’. ‘வியூஸ் ஒன்’ என்றால் அதைப் பற்றிய கருத்துகள். ‘எ ரிசர்வேஷன் ஃபோர் டூ நைட்ஸ்’ முற்பதிவு. ‘ரிசர்வேஷன்ஸ் அபவுட் தி ரூம்’ என்று எழுதினால் அறையில் தயக்கம் இருக்கிறது என்றாகும். கொம்ப்ளெய்ன்ட், அறையைப் பற்றியானால் ‘அபவுட்’, ஊழியர் ஒருவருக்கு எதிராகவானால் ‘அகென்ஸ்ட்’, முகாமையாளரிடம் கொடுப்பதானால் ‘டு’. டிஸ்கவுண்ட், எதில் என்றால் ‘ஒன்’, எவ்வளவு என்றால் ‘ஒவ்’, யாருக்கு என்றால் ‘ஃபோர்’.

எழுத்தில் ஒரு எஃப் உள்ளது ‘ஒவ்’, இரண்டு எஃப் உள்ளது ‘ஒஃப்’. புறாத்தீவு நிலாவெளிக் கரைக்கு அப்பால் கடலில் இருப்பதால் அது ‘ஒஃப் நிலாவெளி’. ஒரு எஃப் விடுபட்டால் வாக்கியம் குழம்பிவிடும். அங்கே போவது ‘எ ட்ரிப் டு பிஜன் ஐலண்ட்’.

ஐயம் வந்தால் மொழி கற்போருக்கான அகராதியில் அந்தப் பெயர்ச்சொல்லைத் திறந்து பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் முன்னிடைச்சொல் பெரும்பாலும் தடித்த எழுத்தில் தெரியும். பெயர்ச்சொல் பகுதியா, வினைப் பகுதியா என்பதை முதலில் கவனியுங்கள். கூகுளில் தேடுவதானால் இரண்டு சொற்களையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். எத்தனை முடிவு வந்தது என்பதைப் பார்க்காமல் வாக்கியங்களை வாசியுங்கள். ‘ரீசன் ஒவ்’ என்று தேடினால் நிறைய வரும். திறந்து பார்த்தால் பல ‘பை ரீசன் ஒவ்’ என்ற சட்டத் தொடராக இருக்கும். விருந்தினருக்கு எழுதும் மின்னஞ்சலுக்கு அது ஆகாது.